சாலமன் கேனை எங்கே தொடங்கிப் படிப்பது?

கேள்வி இதுதான்: பியூரிட்டன் ஒருவன் வாளும் கைத்துப்பாக்கியுமாக நாடு நாடாக அலைந்து, பேய்களோடும் சூனியக்காரர்களோடும் மோதும் சாலமன் கேன் காமிக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டேன், கடுமையான பக்தி கொண்ட ஒருவன் ஏன் இத்தனை பேரைக் கொல்கிறான், இத்தனை பதிப்புகளில் எதை முதலில் படிக்க வேண்டும்?

இரண்டாவது பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டார்க் ஹார்ஸ் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பரில் தொடங்கி ஐந்து இதழ்களாக வெளியிட்ட 'தி காஸில் ஆஃப் தி டெவில்' தொடரை முதலில் படியுங்கள். ஸ்காட் அல்லி எழுத, மரியோ குவேரா வரைய, டேவ் ஸ்டூவர்ட் வண்ணம் தீட்டிய தொடர் அது. அதைவிடப் பழையவையும், சில இடங்களில் அதைவிட அழகாக வரையப்பட்டவையும் உண்டு; ஆனால் உங்கள் கேள்வியின் முதல் பகுதியை, அதாவது பக்தியும் கொலையும் ஒரே மனிதனுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை, இதைப் போல நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட சாலமன் கேன் காமிக்ஸ் வேறு இல்லை என்பது என் கருத்து.

கேனை உருவாக்கியவர் டெக்ஸாஸ் மாநிலத்தின் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ராபர்ட் ஈ. ஹோவர்ட். 1906இல் பிறந்து 1936இல், முப்பதே வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். உலகம் அவரைக் கானன் என்ற காட்டுமிராண்டி வீரனைப் படைத்தவராகவே நினைவில் வைத்திருக்கிறது; ஆனால் கானனுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1928 ஆகஸ்ட் மாத 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுக் கதைப் பத்திரிகை இதழில், 'ரெட் ஷேடோஸ்' என்ற கதையின் வழியாகக் கேன் அச்சேறிவிட்டான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதிலேயே அவன் தன் மனத்தில் உருவானதாகவும், பதினாறாம் நூற்றாண்டின் சலனமற்ற, எஃகு நரம்பு கொண்ட வாள்வீரர்கள் மீது தனக்கிருந்த வியப்பே அவனுக்கு மூலமாக இருக்கலாம் என்றும் ஹோவர்ட் எழுதியிருக்கிறார். ஹோவர்ட் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிக் கேன் கதை 1932 ஜூலையில் வந்த 'விங்ஸ் இன் தி நைட்'. அதே ஆண்டு டிசம்பரில் கானன் வந்தான். அதன்பின் ஹோவர்ட் கேனிடம் திரும்பவில்லை. முடிக்கப்படாத துண்டுகளும் சில கவிதைகளும் அவருடைய காகிதக் கட்டுகளில் தங்கிவிட்டன. காமிக்ஸ் எழுத்தாளர்களுக்குப் பின்னாளில் புதையலாக வாய்த்தவை இந்த அரைகுறைத் துண்டுகள்தாம்.

இனி, பியூரிட்டன் என்பவன் யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதைகளுக்குள் போக முடியாது. முதலாம் எலிசபெத் 1558இல் அரியணை ஏறியபின், இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்துவிட்ட போதிலும் அதன் சடங்குகளிலும் குருக்களின் அங்கிகளிலும் பழைய கத்தோலிக்கச் சாயல் மிச்சமிருக்கிறது என்று குறைப்பட்டு, அதை முற்றாகத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று போராடியவர்களுக்கு, அவர்களைப் பிடிக்காதவர்கள் 1560களில் சூட்டிய பட்டப்பெயர் அது. தூய்மைவாதிகள் என்று தமிழில் சொல்லலாம். அவர்கள் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஜான் கால்வினின் இறையியலைப் பின்பற்றியவர்கள். இந்த இறையியலைப் புரிந்துகொண்டால்தான் கேனைப் புரிந்துகொள்ள முடியும். கால்வினின் போதனையில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. ஒரு குருவி தரையில் விழுவதும்கூடத் தேவ சித்தம். மீட்புப் பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதும் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. மனிதன் செய்யக்கூடியது தன் வாழ்வில் அந்தச் சித்தத்தின் அடையாளங்களைத் தேடிக்கொண்டே இருப்பதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'ரெட் ஷேடோஸ்' கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். பிரான்ஸில் ஒரு கிராமப்புறப் பாதையில், லே லூ என்னும் கொள்ளைத் தலைவனின் கும்பலால் சிதைக்கப்பட்டுச் சாகும் தறுவாயில் கிடக்கும் ஒரு பெண்ணைக் கேன் காண்கிறான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவள் உயிர் அவன் கைகளில் பிரிகிறது. இதற்காக மனிதர்கள் சாவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுகிறான்; அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் லே லூவைப் பின்தொடர்ந்து, கடல் கடந்து ஆப்பிரிக்கக் காடுவரை போகிறான். முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக ஏன் இவ்வளவு என்று லே லூவே வியந்து கேட்கும் இடம் கதையில் உண்டு. நம்முடைய கண்ணுக்கு அது வெறும் பழிவாங்கல். கேனின் கண்ணில், அந்தப் பாதையில் அந்த நேரத்தில் அவன் வந்து சேர்ந்ததே ஆணை. தற்செயல் இல்லாத உலகத்தில், கண்ணில் பட்ட கொடுமை ஒவ்வொன்றும் தனக்கென்று எழுதப்பட்ட கடிதமாகிவிடுகிறது. ஆகவே அவன் கொல்வது பக்தியை மீறி அன்று, பக்தியினாலேயே கொல்கிறான். என்னைப் பொறுத்தவரை, மனத்தை நடுங்கவைக்கும் பேய் இந்தக் கதைகளில் இதுதான்.

ஹோவர்ட் இதை இத்தோடு விட்டுவிடவில்லை என்பது அவருடைய பெருமை. கேன் தன் செயல்களுக்கான காரணத்தை ஒருபோதும் ஆராய்ந்தவன் அல்லன் என்றும், பியூரிட்டனும் ராஜவிசுவாச வீரனும் அவனுக்குள் கலந்திருந்தார்கள் என்றும், கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆதிமனிதன் ஒருவனின் சாயலும் அவனிடம் சற்று அதிகமாகவே இருந்தது என்றும் கதைசொல்லியின் குரலில் சொல்லிவிடுகிறார். கடவுளின் கட்டளை என்று அவன் நம்புவது உண்மையில் சாகசத்தின் மீதுள்ள தீராப் பசியாக இருக்கலாம் என்ற ஐயத்தை வாசகனின் காதில் போட்டுவிட்டு, கேனின் காதில் மட்டும் போடாமல் நகர்கிறார். நல்ல கேன் காமிக்ஸையும் சாதாரணக் கேன் காமிக்ஸையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் உரைகல் இந்த ஐயம்தான். அது பக்கத்தில் உயிரோடு இருக்கிறதா, அல்லது வாள்வீச்சில் தொலைந்துபோனதா என்று பார்ப்பேன்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழ் விவிலியத்தில் பழகியவர்களுக்கு இது உடனே புலப்படும். சாலமன் என்பது சாலொமோன். யூத, அரபு மரபுக் கதைகளில் ஜின்களை அடக்கி ஆண்ட அரசன். கேன் என்ற ஒலி, எழுத்து வேறாயினும், காயீனை நினைவூட்டுகிறது. தம்பியைக் கொன்றதற்காகப் பூமியில் நிலையற்று அலைகிறவனாய் இருப்பாய் என்று சபிக்கப்பட்டவன். ஞானமுள்ள அரசனும் சபிக்கப்பட்ட நாடோடியும் ஒரே பெயரில் அமைந்தது திட்டமிட்டதோ இல்லையோ, கதாபாத்திரத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது.

காமிக்ஸுக்கு வருவோம். 1970 அக்டோபரில் மார்வெல் நிறுவனம் கானனை வெளியிட்டு வெற்றி கண்டபின், ஆசிரியர் ராய் தாமஸ் ஹோவர்டின் மற்றப் பாத்திரங்களையும் தேடி எடுத்தார். 1973இல் 'மான்ஸ்டர்ஸ் அன்லீஷ்ட்' முதல் இதழில் 'ஸ்கல்ஸ் இன் தி ஸ்டார்ஸ்' கதை வந்தது. அதே ஆண்டு 'டிராகுலா லிவ்ஸ்' இதழில் கேன் டிராகுலாவையே சந்தித்தான். பின்னர் 'சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கானன்' இதழின் பின்பக்கங்களில் அவன் பல ஆண்டுகள் குடியிருந்தான். இவை எல்லாம் கறுப்பு வெள்ளைப் பெரிய அளவுப் பத்திரிகைகள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள் வண்ணக் காமிக்ஸ் புத்தகங்களைக் கட்டுப்படுத்தின. பத்திரிகை வடிவில் வந்தவை அந்த விதிகளுக்கு வெளியே நின்றன. ரத்தமும் பிணமும் சூனியமும் இல்லாமல் கேனைச் சொல்ல முடியாது என்பதால், அவனுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களே இடம் கொடுத்தன.

அது நல்லதாகவே முடிந்தது. கேனின் தோற்றத்தை நினைத்துப் பாருங்கள்: தலை முதல் கால்வரை கறுப்பு உடை, தொங்கும் விளிம்புள்ள இறகில்லாத தொப்பி, அதன் நிழலில் ரத்தம் வற்றியதுபோல் வெளுத்த முகம், இடையில் ஒரு பச்சைக் கச்சை. கச்சையை நீக்கிவிட்டால் அவன் முழுவதும் மையால் ஆனவன். இருண்ட பின்னணியில் அவனை வரையும் ஓவியர் உடலின் கோட்டை வரையவே தேவையில்லை. முகத்தையும் கைகளையும் வாளின் விளிம்பையும் வெள்ளையாக விட்டாலே போதும், மீதியை வாசகனின் கண் நிரப்பிக்கொள்ளும். சிவகாசியில் அச்சான கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதைகளோடு வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தக் கலையின் சுவை புதிதன்று. வரலாற்றுப்படி பார்த்தால், நல்ல கறுப்புச் சாயம் அந்தக் காலத்தில் விலை மிகுந்தது. சாதாரணப் பியூரிட்டன்கள் பழுப்பும் சாம்பலும் மங்கிய பச்சையுமான உடைகளையே பெரும்பாலும் உடுத்தினார்கள். ஆனால் கேனின் கறுப்பு வரலாற்றின் கறுப்பு அன்று, ஓவியனின் கறுப்பு. அதற்காக யாரும் குறை சொல்லத் தேவையில்லை.

வண்ணத்தில் மார்வெல் செய்தவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். 'மார்வெல் பிரீமியர்' 33, 34ஆம் இதழ்களில் ஹோவர்ட் சேகின் வரைந்த 'ரெட் ஷேடோஸ்' ஒன்று. மற்றது ரால்ஃப் மாக்கியோ எழுதி 1985, 1986இல் ஆறு இதழ்களாக வந்த 'தி ஸ்வோர்ட் ஆஃப் சாலமன் கேன்'. பின்னாளில் ஹெல்பாய் என்ற புகழ்பெற்ற காமிக்ஸ் நாயகனை உருவாக்கிய மைக் மிக்னோலா அப்போது இளைஞராக அதில் வரைந்திருக்கிறார். இவற்றின் குறை, ஹோவர்டின் உரைநடை மீது வைத்த அளவுகடந்த மரியாதை. கட்டங்களுக்கு மேல் நீண்ட நீண்ட விவரணைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்திருக்கும். படம் காட்டிவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்லும். ஹோவர்டின் வாக்கியங்கள் அழகானவைதாம். இருந்தாலும் இருட்டில் ஒரு மனிதன் தனியே நடப்பதைக் காட்டும்போது அந்தக் கட்டத்துக்கு மௌனமும் தேவை.

டார்க் ஹார்ஸின் தொடர் அந்த மௌனத்தைக் கொடுத்தது. அல்லி தேர்ந்தெடுத்தது ஹோவர்டின் முழுக் கதை ஒன்றையன்று, 'தி காஸில் ஆஃப் தி டெவில்' என்ற முடிவுறாத துண்டை. ஹோவர்ட் எழுதியது சில பக்கங்களே. ஜெர்மனியின் கறுப்புக் காட்டில், ஜெனோவாவுக்குப் போய்க் கப்பலேற எண்ணியிருக்கும் ஜான் சைலண்ட் என்னும் ஆங்கிலக் கூலிவீரன், எதிரே நடந்து வரும் கேனைச் சந்திக்கிறான். அந்தப் பகுதியின் கொடுங்கோலனான பிரபுவிடம் கணக்குத் தீர்க்கப் போவதாகக் கேன் சொல்ல, தனியொருவனாகவா, பைத்தியமா உனக்கு என்று மற்றவன் திகைக்கிறான். சில தீயவர்களை அவர்களுடைய உயிரின் பாரத்திலிருந்து விடுவிக்கும் பொறுப்பு, பயணங்களின் நடுவே அவ்வப்போது தன்மேல் வந்து விழுந்திருக்கிறது என்று கேன் அமைதியாகப் பதில் சொல்வது இந்தத் துண்டில்தான். விழுந்திருக்கிறது என்ற அந்தச் சொல்லமைப்பைக் கவனியுங்கள். நான் கொன்றேன் என்று அவன் சொல்வதில்லை. மேலிருந்து விழுந்த வேலையைச் செய்ததாகவே சொல்கிறான். இருவரும் கோட்டையை நோக்கிக் கிளம்புகிறார்கள். ஹோவர்டின் எழுத்து அங்கே நின்றுவிடுகிறது. 1970களின் இறுதியில் பிரிட்டிஷ் திகில் எழுத்தாளர் ராம்சே காம்ப்பெல் இந்தத் துண்டையும் வேறு இரண்டையும் உரைநடையில் முடித்திருக்கிறார்.

அல்லியின் காமிக்ஸ், தூக்குமரத்தில் தொங்கவிடப்பட்ட ஒரு சிறுவனின் உடலைக் கேன் காண்பதைத் தூண்டுதலாக வைத்துக்கொண்டு, அதற்குக் காரணமான பிரபுவின் கோட்டைக்கு நம்மை அழைத்துப் போகிறது. காட்டில் மனித அறிவோடு உலவும் ஓர் ஓநாய். கோட்டைக்கு அடியில் இடிந்துபோன பழைய மடாலயம். அங்கே நூற்றாண்டுகளுக்கு முன்பு பிசாசை வழிபட்டுச் சங்கிலியில் கிடந்து மாண்ட ஒரு குரு. கேன் வந்த நோக்கம் நேரானது: கொடுங்கோலனைக் கண்டுபிடித்துக் கொல்வது. ஆனால் உள்ளே போகப் போக, கொடுங்கோலனைவிட மோசமானது ஒன்று கீழே இருக்கிறது என்றும், மேலே நடப்பதற்கும் கீழே கிடப்பதற்கும் உள்ள தொடர்பு அவன் நினைத்தபடி எளிதன்று என்றும் தெரிகிறது. கடவுளின் கை தன்னை நடத்துகிறது என்ற நம்பிக்கையோடு படியிறங்கும் ஒருவனுக்கு, அந்தப் படிகளின் முடிவில் இருப்பது எந்தக் கை என்ற கேள்வி எழ வேண்டும். கேன் வாய்விட்டு அதைக் கேட்பதில்லை. கோட்டையின் அமைப்பே அவனுக்காகக் கேட்கிறது. குவேராவின் மெல்லிய, நடுங்கும் கோடுகளும், ஸ்டூவர்ட் பூசிய ஈரம் படிந்த மங்கல் வண்ணங்களும் அந்தக் காட்டையும் கல்லையும் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு நிசமாக்குகின்றன.

அடுத்து 2010இல் நான்கு இதழ்களாக வந்த 'டெத்ஸ் பிளாக் ரைடர்ஸ்', அதே பெயரிலுள்ள மிகச் சிறிய துண்டொன்றையும் 'ராட்டில் ஆஃப் போன்ஸ்' என்ற முழுக் கதையையும் இணைக்கிறது. பிளந்த மண்டையோடு என்று பெயர்கொண்ட காட்டுச் சத்திரம், அதன் பின்னறையில் தரையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட எலும்புக்கூடு: செத்தவனை எதற்குச் சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியில் முழுக் கதையும் தொங்குகிறது. மூன்றாவதான 'ரெட் ஷேடோஸ்' 2011இல் புரூஸ் ஜோன்ஸ் எழுத்திலும் ராசன் எகெடால் ஓவியத்திலும் வந்தது. அது குறையுள்ளது அன்று. ஆனால் முந்தைய இரண்டுக்கும் கிடைத்த பொறுமை, கேனைத் தொடங்கிவைத்த இந்தக் கதைக்குக் கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்கக் கதைகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹோவர்ட் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை; 1920களின் மலிவுப் பத்திரிகைகள் காட்டிய, டமாரமும் இருளும் நரபலியும் நிறைந்த கண்டத்தையே அவரும் வரைந்தார். கறுப்பின மக்களை அவர் வருணிக்கும் பல இடங்கள் இன்று படிக்க வேதனையானவை. பழைய காமிக்ஸ்களும் அந்தக் கறையைப் பெருமளவு அப்படியே சுமக்கின்றன. ஆனால் அதே கதைகளுக்குள்தான் என்லோங்கா இருக்கிறார். தன் ஆவியை வேறொருவர் உடலுக்குள் செலுத்த வல்ல அந்த முதிய மந்திரவாதி கேனை ரத்த சகோதரனாக ஏற்று, பூனைத்தலை செதுக்கிய ஒரு கோலை அவனிடம் கொடுக்கிறார். 'தி ஃபுட்ஃபால்ஸ் விதின்' கதையில், அந்தக் கோல் எகிப்தை விடப் பழையது என்றும் சாலொமோன் அரசனே ஏந்தியது என்றும் தெரியவருகிறது. சூனியத்தைப் பாவம் என்று நம்பும் பியூரிட்டன், ஒரு சூனியக்காரரின் பரிசு இல்லாமல் உயிர் பிழைக்க முடியாதவனாகிறான். தூய்மைவாதியின் கையில் தூய்மையற்ற கோல்! கேனின் உறுதியில் விழும் முதல் விரிசல் ஆப்பிரிக்காவில் விழுகிறது. அதை உண்டாக்குபவர் அவனைவிட அறிவும் கருணையும் மிக்க ஓர் ஆப்பிரிக்கர்.

இன்னொன்றும் உண்டு, காமிக்ஸ் எழுத்தாளர்கள் இதுவரை முழுமையாகத் தொடாத இடம் என்பது என் எண்ணம். கேன் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்தவன். ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் 1578இல் தென் அமெரிக்காவின் படகோனியக் கரையில் தன்னோடு பயணம் வந்த தாமஸ் டௌட்டிக்கு மரண தண்டனை விதித்தபோது அதைத் தனியொருவனாக எதிர்த்து நின்றவனாக ஒரு கவிதை அவனைக் காட்டுகிறது. ஆனால் அதே டெவனின் பிளிமத் துறைமுகத்திலிருந்துதான், 1560களில், ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அமெரிக்கக் கரைகளில் விற்கும் பயணங்களை நடத்தினார். அவற்றில் டிரேக்கும் பங்கேற்றார். 'தி ஃபுட்ஃபால்ஸ் விதின்' கதையில் அரபு அடிமை வணிகர்களைக் கண்டு கேன் கொதிக்கிறான், உயிரைப் பணயம் வைக்கிறான். தன் சொந்த ஊரின் கப்பல்கள் செய்ததை அவன் ஒருநாள் எதிர்கொள்ள நேர்ந்தால், தற்செயல் இல்லாத அந்த உலகத்தில் அது யாருக்கு எழுதப்பட்ட கடிதமாக இருக்கும்? இந்தக் கதையை எவரேனும் எழுதி வரைய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அண்மைக் காலத்தில், டைட்டன் நிறுவனம் 2024இல் மீண்டும் தொடங்கிய 'சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கானன்' இதழில் பேட்ரிக் சிர்ச்சர் தானே எழுதி வரைந்த கேன் கதை வந்திருக்கிறது. 2025இல் 'தி சர்ப்பன்ட் ரிங்' என்ற தனித் தொடரையும் அவர் செய்திருக்கிறார். உழைத்து வரையப்பட்டவை, டார்க் ஹார்ஸ் தொடர்களுக்குப்பின் இவற்றுக்குப் போகலாம். பழைய மார்வெல் கதைகளை டார்க் ஹார்ஸ் 2009இல் இரண்டு தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. கறுப்பு வெள்ளைக் கதைகள் 'தி சாகா ஆஃப் சாலமன் கேன்' என்ற தொகுதியில் உள்ளன. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். 'தி காஸில் ஆஃப் தி டெவில்' காமிக்ஸைப் படித்து முடித்த அன்றே ஹோவர்டின் மூலத் துண்டையும் தேடிப் படியுங்கள்; அரைமணி நேரம்கூட ஆகாது. காட்டுப் பாதையில் இருவரும் கோட்டையை நோக்கித் திரும்பும் இடத்தில் அவருடைய வரிகள் நிற்கும். அந்த இடம் காமிக்ஸில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.